பதினாறு படிகள்

“நம் குடும்பத்தில் ஒருவர் மோரீசுக்குக் கப்பலேறிப் போனார், அப்புறம் தகவலே இல்லை” என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டதுண்டா? அப்படியானால் மொரீஷியஸ் தீவுக்குப் போகும்போது போர்ட் லூயி துறைமுகத்தைக் கட்டாயம் பாருங்கள்.

அங்கே ‘ஆப்ரவாசி காட்’ என்ற பழைய கட்டடத்தில் பதினாறு படிகள் இருக்கின்றன. 1834 முதல் 1920 வரை கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாக ஏறக்குறைய ஐந்து லட்சம் இந்தியர்கள் இத்துறைமுகத்தில் வந்திறங்கினார்கள். சென்னையில் கப்பலேறிய தமிழர்களும் அவர்களில் உண்டு. 2006-ல் யுனெஸ்கோ இவ்விடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது.

வந்தவர்களின் பதிவேடுகள் மோக்கா என்ற ஊரில், மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்டில் பத்திரமாக இருக்கின்றன. ஆளுக்கொரு எண்; பெயர், வயது, ஊர், வந்த கப்பல் எல்லாம் உண்டு. சிலருக்குப் புகைப்படம்கூட இருக்கிறது!

ஆனால் பெயரை மட்டும் சொன்னால் போதாது. தமிழறியாத குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள் அவை. ராமசாமிகளோ எத்தனையோ பேர்! தகப்பனார் பெயரும் சொந்த ஊரும் ஒத்துப் போனால்தான் “இவர் நம்மவர்” என்று நிச்சயிக்கலாம். அந்த இரண்டும் இன்று உங்கள் பாட்டி ஒருவருக்கே தெரிந்திருக்கலாம். பிரயாணத்துக்கு நாள் பார்க்குமுன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதிக் கொள்ளுங்கள்.