அர்பத்நாட் விழுந்த பிறகு

அக்டோபர் 22, மயிலாப்பூர்

1906-இல் இதே தேதியில், ஒரு திங்கட்கிழமை, சென்னையில் பொதுமக்களிடம் பணம் வாங்கி வைத்திருந்த அர்பத்நாட் கம்பெனி கதவைச் சாத்தியது. பாரி, பின்னி, அர்பத்நாட் என்று மூன்று பெயரையும் சேர்த்தே சொல்லிப் பழகிய ஊர் இது. லண்டனில் அர்பத்நாட்டின் கூட்டு நிறுவனத்தை நடத்திய மக்ஃபேடியன் தற்கொலை செய்துகொண்டதும், பணத்தை வைத்து ஆடிய சூதாட்டம் எல்லாம் இங்கே வெளியே வந்தது. வெள்ளைக்காரன் கம்பெனி, ஓடிப்போகாது என்று நம்பி ஆயுள் சேமிப்பைப் போட்டிருந்த உத்தியோகஸ்தர்களும் ஓய்வூதியக்காரர்களும் தெருவில் நின்றார்கள். சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. போட்டவர்களுக்குப் பணம் முழுதாகத் திரும்பவில்லை. மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் பணம் போட்டவர்களுக்காக வழக்காடியவர். நமக்கென்று ஒரு பாங்கு வேண்டும் என்று முன்னின்றார். எஸ்.ஆர்.எம்.எம். ராமசாமி செட்டியார் போன்றவர்கள் தோள்கொடுத்தார்கள். 1907 மார்ச் 5-இல் பதிவாகி, ஆகஸ்ட் 15-இல் இந்தியன் வங்கி வியாபாரம் தொடங்கியது. தன்னம்பிக்கைப் பேச்சாளர் கையில் கிடைத்தால் கதை இங்கேயே முடிந்துவிடும். ஆனால் பணம் போனவர்கள் ஒரு பக்கம், பாடம் படித்தவர்கள் இன்னொரு பக்கம். ஐயரிடம் சட்டமும் பெயரும் இருந்தன, செட்டியாரிடம் முதல் இருந்தது. தோல்வியிலிருந்து கற்றுக்கொள்ளவும் கொஞ்சம் வசதி வேண்டியிருக்கிறது.

அக்டோபர் 24

சரி, யார் கற்றால் என்ன, ஊருக்கு ஒரு பாங்கு வந்ததே என்று கேட்கலாம். வந்தது, உண்மை. ஆனால் கற்ற பாடம் வாரிசுக்குப் போகும் என்ற நம்பிக்கைதான் எனக்கு இடிக்கிறது. ஒரு திவாலின் சாம்பலில் பிறந்த அதே வங்கி, 1995-96-இல் 1,336 கோடி ரூபாய் நட்டம் காட்டியது. இந்திய வங்கிகளில் அதுவரை எவரும் காணாத தொகை. திரும்பி வராத பெரிய கடன்கள், தராதரம் பார்க்காத சிபாரிசுகள். அர்பத்நாட்டின் சூதாட்டம் வேறு, இது வேறு என்றாலும், அடுத்தவர் பணத்தில் காட்டிய துணிச்சல் ஒன்றுதான். நிறுவனர்களின் ஞாபகம் எந்தக் கடன் விண்ணப்பத்தையும் நிறுத்தவில்லை. 2000-இல் தலைமைக்கு வந்த ரஞ்சனா குமார் அதை மீட்டபோது கையாண்டதும் எழுச்சியுரை அல்ல. விருப்ப ஓய்வு, அலுவலக அடுக்குகளைக் குறைத்தல், வராக்கடன் வசூல், அரசு போட்ட சில ஆயிரம் கோடி மூலதனம் என்று எல்லாமே அலுப்பூட்டும் வேலைகள். 2007-இல் அந்த வங்கி பங்குச்சந்தைக்குப் போனது. 2020 ஏப்ரலில் அலகாபாத் வங்கியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது.

இந்த இரண்டு வீழ்ச்சிகளையும் அருகருகே வைத்தால் ஒன்று தெரியும். 1906-இல் போட்டவர் பணம் போயிற்று. 1996-இல் தி. நகர் கிளையிலோ அடையாறு கிளையிலோ கணக்கு வைத்திருந்தவர் ஒரு ரூபாய்கூட இழக்கவில்லை. இதற்கிடையில் மனிதர்கள் புத்திசாலிகள் ஆகிவிடவில்லை, சட்டம்தான் மாறியிருந்தது. 1960-இல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி கவிழ்ந்தது. 1962-இல் வைப்புத்தொகைக் காப்பீடு வந்தது. 1969-இல் வங்கிகள் அரசுடைமையாயின. 2019-இல் மும்பையின் பி.எம்.சி. கூட்டுறவு வங்கி சிக்கியது. அடுத்த பிப்ரவரியில் காப்பீட்டு வரம்பு ஒரு லட்சத்திலிருந்து 5 லட்சமாயிற்று. இதைத்தான் நான் கற்றல் என்பேன்.

அக்டோபர் 27

விதிகளும்தானே தோற்றன, 1996-இல் ரிசர்வ் வங்கி தூங்கவா செய்தது என்பது நியாயமான ஆட்சேபம். விதி இருந்தால் வீழ்ச்சியே வராது என்று நான் சொல்லவில்லை. வந்தால் யார் தலையில் விழும் என்பதை விதி தீர்மானிக்கிறது, அவ்வளவுதான். அந்த விதி எட்டாத இடத்தில் பழைய கதை பழையபடியே நடக்கும். 1872-இல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட், அர்பத்நாட் விழுந்தபோதே 34 வயதான நிதி நிறுவனம், பக்கத்திலிருந்தே பார்த்தது. 2024-இல் அங்கே போட்ட பணம் திரும்பவில்லை என்று முதியவர்கள் போலீஸில் புகார் கொடுத்தார்கள், ஆகஸ்டில் நிர்வாக இயக்குநர் கைதானார். குற்றம் உண்டா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். 1997-இல் தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது, சரிதான். ஆனால் அது பணம் போன பிறகு சொத்தைத் தேடும் சட்டம். நூறு வருடத்துப் பெயர், தெரிந்த தெரு, வங்கியைவிடக் கூடுதல் வட்டி: 1906-இலும் இதே மூன்றையும்தான் நம்பினார்கள்.

இதுபோன்ற நிதி நிறுவனங்களில் போடும் பணத்துக்கு வைப்புத்தொகைக் காப்பீடு கிடையாது. போடுவதற்கு முன் இதை வீட்டுப் பெரியவர்களுக்கு ஒருமுறை சொல்லிவிடுங்கள்.