அம்பின் முனை

மத்ரஸாவில் முப்பது ஆண்டுகளாகப் பாடம் சொல்லி வருகிறேன். ஹதீஸ் பாடத்தில் ஆண்டுதோறும் ஓரிடம் வரும். பள்ளிவாசலுக்குள்ளோ கடைத்தெருவிலோ அம்புகளோடு செல்பவர், அவற்றின் முனைகளைத் தம் கையால் பற்றிக்கொள்ள வேண்டும்; பிறர்மீது அவை பட்டுவிடலாகாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரை. சொல்லுக்குச் சொல் பொருள் கூறி, இலக்கணக் குறிப்பும் தந்து, அடுத்த பாடத்துக்குச் சென்றுவிடுவது என் வழக்கம். வில்லும் அம்பும் மறைந்துவிட்ட காலத்தில் இதில் நின்று விளக்குவதற்கு என்ன இருக்கிறது என்று எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றியது ஓர் அமெரிக்க ஆவணப்படம்.

மைக்கேல் மூர் 2002இல் எடுத்து, மறு ஆண்டில் ஆஸ்கார் பரிசும் பெற்ற 'பௌலிங் ஃபார் கொலம்பைன்' என்பது அதன் பெயர். படம் வெளிவந்து பல ஆண்டுகள் சென்றபின், என் மகன் வீட்டில் அதைக் காணும் வாய்ப்புக் கிட்டியது. ஆங்கில உரையாடலை அவன் அவ்வப்போது தமிழில் எடுத்துச் சொன்னான்.

1999 ஏப்ரல் 20ஆம் நாள், கொலராடோ மாநிலத்தின் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் மாணவர் இருவர் துப்பாக்கிகளுடன் புகுந்து, 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் சுட்டுக் கொன்று, தம்மையும் மாய்த்துக்கொண்டனர். அப்பள்ளியின் உணவுக்கூடத்தில் பதிவான காட்சிகளைப் படம் காட்டுகிறது. மேசைகளின் அடியில் பிள்ளைகள் பதுங்குகிறார்கள். வகுப்புக் கலையும்போது தலைகளை எண்ணிப் பழகியவன் நான். என்னையறியாமல் அங்கும் எண்ணத் தொடங்கிவிட்டேன்.

இக்கொடுமைக்குக் காரணம் என்ன என்று தேடிச் செல்கிறார் மூர். வன்முறைப் படங்களா? அவை எல்லா நாடுகளிலும் ஓடுகின்றன. துப்பாக்கிகளின் பெருக்கமா? அண்டை நாடான கனடாவிலும் அவை ஏராளம். ஆயினும் அங்கே கொலைகள் மிகக் குறைவு. இறுதியில் அவர் விரல் நீட்டுவது அச்சத்தை நோக்கி. செய்திகளும் விளம்பரங்களும் நாள்தோறும் ஊட்டி வளர்க்கும் அச்சம் அது. அஞ்சியவன் துப்பாக்கி வாங்குகிறான். அதைக் கண்டு அஞ்சி அடுத்த வீட்டுக்காரனும் வாங்குகிறான்.

2000 பிப்ரவரியில் மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரை ஒட்டிய ஒரு தொடக்கப் பள்ளியில், ஆறு வயதுச் சிறுவன் தன் வகுப்புச் சிறுமியைச் சுட்டுக் கொன்றான். அவன் தங்கியிருந்த மாமன் வீட்டில் துப்பாக்கி கைக்கெட்டும்படிக் கிடந்தது. அரசின் உதவித் திட்ட விதிகளால், தாயோ நெடுந்தொலைவு பேருந்தில் சென்று உழைக்க வேண்டியிருந்தது.

அச்சிறுமியின் படத்தை ஏந்தி, துப்பாக்கியுரிமைக்காக வாதாடும் தேசிய ரைஃபிள் சங்கத்தின் அன்றைய தலைவர், நடிகர் சார்ல்டன் ஹெஸ்டனின் வீட்டுக்குச் செல்கிறார் மூர். அம்முதியவர் பேச்சை முறித்துக்கொண்டு உள்ளே நடந்துவிடுகிறார். எனக்கு மனம் உறுத்தியது. "வீட்டுக்குள் அனுமதித்தவரை இப்படி நாணச் செய்வது பண்பாகுமா?" என்றேன்.

"அந்தப் பிள்ளையும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே, அத்தா?" என்றான் மகன்.

நான் விடை கூறவில்லை. என் உறுத்தலும் தீரவில்லை. அவன் கேள்வியும் என்னை விடவில்லை.

ஆனால் மற்றொரு காட்சி உள்ளத்தில் நிலைத்துவிட்டது. கொலம்பைனில் காயமுற்ற மாணவர் இருவர், உடலில் குண்டுகளைச் சுமந்தபடியே, அக்குண்டுகளை விற்ற கேமார்ட் நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்குச் செல்கின்றனர். கைத்துப்பாக்கித் தோட்டா விற்பனையை நிறுத்துவதாக நிறுவனம் அறிவிக்கிறது. விற்றவர் அம்பின் முனையைப் பற்றிக்கொண்ட நேரம் அது.

எனினும் துயரம் ஓயவில்லை. 2012இல் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் பெரியவர் அறுவரும் மாண்டனர். 2022இல் உவால்டியில் 19 குழந்தைகளும் ஆசிரியர் இருவரும் மாண்டனர். பள்ளிகளில் பிள்ளைகளுக்குப் பதுங்கப் பயிற்சி தருகிறார்கள். ஆயுதம் உடையவன் நிமிர்ந்து நடக்க, பாலகர்கள் ஒதுங்கக் கற்க வேண்டுமா?

அடுத்த முறை அந்த ஹதீஸ் வந்தபோது நான் விரைந்து கடக்கவில்லை. "எதிரே வருபவர் விலகிப் போனால் போதாதா? முனையை ஏன் பிடித்துக்கொள்ள வேண்டும்?" என்று கேட்டேன்.

கடைசி வரிசைச் சிறுவன் எழுந்தான். "அம்பு அவருடையது, உஸ்தாத். எதிரே வருகிறவருடையதல்ல" என்றான்.

அன்று இலக்கணக் குறிப்பு எதுவும் நான் சொல்லவில்லை.