ஒரு மீட்டர் கோலும் ஒரு நூல்கண்டும்

பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டர் என்று என் மாணவர்களுக்கு முன்பே தெரியும். இரண்டு ஊர்களின் நிழலை அளந்து அதே சுற்றளவைக் கண்டுபிடிக்கும் எங்கள் சோதனையில் மேகத்தைவிட எனக்குத் தொல்லை தருவது அதுதான். நிழல் 17.3 சென்டிமீட்டர் என்று அளந்த பையன், கணக்கு 37,500-க்கு இறங்குவதைப் பார்த்ததும், "சார், 17.5 இருக்கும் போல" என்று அழிப்பானை எடுப்பான். அதனால் அளவுகளைப் பேனாவால்தான் எழுதச் சொல்கிறேன். இரண்டு ஊரிலும் அளந்து முடிக்கும்வரை யாரும் கணக்குப் போடக் கூடாது.

நாங்கள் எடுத்துக்கொள்ளும் ஊர்கள் மதுரையும் சேலமும். இரண்டும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில் இருப்பதால், உச்சி வேளை ஒன்றாகவே வரும். மார்ச் 21 வாக்கில் அது பன்னிரண்டு மணிக்கு இல்லை, 12.25-க்கு. அன்று ஒரு மீட்டர் கோலின் நிழல் மதுரையில் 17.5 செ.மீ., சேலத்தில் 20.6 செ.மீ. இதே முறையில் பூமியை அளந்த பழைய கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் அலெக்சாந்திரியாவில் கண்ட கோணம் 7.2 பாகை, வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. எங்கள் இரண்டு ஊர்களின் நிழல்கோணங்களுக்கு இடையிலான வித்தியாசம் 1.7 பாகைதான். சிறு பிசகும் இருநூறு மடங்காகப் பெருகும். நிழலில் 2 மில்லிமீட்டர் தவறினால் பூமியில் ஏறக்குறைய 2,500 கிலோமீட்டர் போய்விடும்.

அந்த இரண்டு மில்லிமீட்டர்தான் இந்த வேலையின் உயிர். சூரியன் புள்ளியல்ல, அரைப் பாகை அகலமுள்ள வட்டு. ஆகவே நிழலின் நுனி ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கலங்கித் தெரியும். புள்ளியை எங்கே வைப்பது என்று பிள்ளைகள் சண்டை போடுவார்கள். கோலை உயரமாக்கினால் கலங்கலும் கூடவே வளரும். கோலின் உச்சியில் சிறு துளையிட்ட அட்டையைப் படுக்கையாக ஒட்டிவிட்டால், நிழலுக்குள் சூரியனின் குட்டி வட்டம் விழும். அதன் நடுவைக் குறிப்பது எளிது. உயரத்தைத் துளைவரை அளக்க வேண்டும். துளையிலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது தரையைத் தொடும் இடத்திலிருந்து நிழலை அளக்க வேண்டும். தரை மட்டமா என்பதை ரசமட்டம் சொல்லும். 12.10-லிருந்து இரண்டு நிமிடத்துக்கு ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போனால், மிகக் குட்டையான நிழல் தானே அகப்படும்.

கோணத்தைவிடக் கடினமானது தூரம். கைப்பேசி வரைபடத்தைத் தட்டினால் வடக்கு-தெற்காக 192 கி.மீ. என்று நொடியில் வந்துவிடும். ஆனால் அந்தக் கிலோமீட்டரே பூமியின் அளவை வைத்துப் போட்ட கணக்கு. நாம் தேடும் விடையை உள்ளே வைத்துக்கொண்டே விடை தேடுவதாகிவிடும். 1802-இல் நில அளவையாளர் லாம்டன் பரங்கிமலையிலிருந்து ஏறத்தாழ 12 கி.மீ. அடிக்கோட்டைச் சங்கிலி போட்டுத்தான் அளந்தார். எங்களிடம் இருப்பது வண்டியின் சக்கரம். மதுரையிலிருந்து சேலம் சாலையில் சுமார் 235 கி.மீ.; சக்கரம் தரையில் உருண்டு சொன்ன எண் அது. இதை அப்படியே போட்டால் பூமி 48,000-ஐத் தாண்டி வீங்கிவிடும். எனவே பெரிய காகித வரைபடத்தில் சாலை நெடுகிலும் நூலைப் படியவைத்து, அந்த நீளத்தோடு ஊர்களுக்கு இடையிலான நேர்கோட்டை ஒப்பிடுகிறோம். நூல் 100 என்றால் நேர்கோடு 82 அளவில் வரும். இந்த விகிதத்துக்குப் பூமியின் அளவு தேவையில்லை. வரைபடம் சிறியதாக இருந்தால் சாலையின் வளைவுகளை விழுங்கிவிடும் என்பதையும் அவர்களே கண்டுபிடிக்கிறார்கள்.

விடையைச் சொல்லுமுன் அது எவ்வளவு தவறக்கூடும் என்று எழுத வேண்டும். "37,000-க்கும் 43,000-க்கும் நடுவே" என்று எழுதித் தருபவளை எனக்கு மிகவும் பிடிக்கும். நேராக 40,075 என்று எழுதுபவனோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

ஒரு மாணவி கேட்டாள்: தரை தட்டையாக இருந்து, சூரியன் பக்கத்தில் இருந்தாலும் இதே நிழல்கள் வராதா? வரும். சூரியனை 6,000 கி.மீ. சொச்ச உயரத்தில் தொங்கவிட்டால் இரண்டு நிழலும் அச்சாகப் பொருந்தும். இரண்டு கோல்களால் இதைத் தீர்க்க முடியாது. வடக்கே வெகுதூரத்தில் மூன்றாவது கோல் வேண்டும். தில்லி ஏறக்குறைய நம் தீர்க்கரேகைக்கு அருகில்தான் இருக்கிறது. தட்டைத் தரையானால் அங்கே நிழல் 51 செ.மீ. அளவில் விழ வேண்டும். உருண்டையானால் 54-ஐத் தாண்டும். அந்த மூன்று சென்டிமீட்டரை நம்ப வேண்டுமானால், மதுரையிலும் சேலத்திலும் அரை மில்லிமீட்டர்கூடப் பிசகக் கூடாது. அடுத்த மார்ச்சுக்கு இப்போதே துளையைச் சிறிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.