எது ஒரிஜினல்?

பெரியப்பாவின் காரைத் தேய்க்கத் தொடங்கிய மூன்றாம் நாள் பெயின்டர் தொலைபேசியில் அழைத்தார். “சார், ஒரு நடை வந்து பாத்துட்டுப் போயிடுங்க. அப்புறம் எங்கிட்ட சண்டைக்கு வரக்கூடாது” என்றார். திருவரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் கடந்து, அரியமங்கலத்தில் இருந்த அவருடைய பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தோம். இடப்புறக் கதவின் மேற்பகுதியில், உள்ளங்கை அகலத்துக்கு, ஈரத்தாள் வைத்து வட்டமாகத் தேய்த்திருந்தார். வெளிவட்டத்தில் நாங்கள் அறிந்த கிரீம் நிறம். அதற்குள் சாம்பல் நிற ப்ரைமர். அதற்குள் ஒரு பச்சை. மீண்டும் ப்ரைமர். நட்டநடுவில், ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுக்கு, வெளிர்நீலம்.

“இதுல எது சார் ஒரிஜினல்?” என்று கேட்டார் பெயின்டர்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அன்று தொடங்கிய வழக்கு ஐந்து மாதங்கள் நடந்தது.

‘நாங்கள்’ என்பது மூன்று பேர். ஒருவர் பணி ஓய்வு பெற்ற வங்கி ஊழியர். ஒருவர் திருச்சியில் கடை வைத்திருப்பவர். ஒருவர் கலிஃபோர்னியாவாசி, மேற்படி கதவை அவர் கைப்பேசித் திரை வழியாகப் பார்த்தார். இம்மூவரில் இதை எழுதுவது யார் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்ற இருவரும் மறுப்பு எழுதுவார்கள்.

வண்டி 1966-இல் பதிவான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்; இரண்டு கதவுகள் கொண்டது. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்த பெரியப்பா 1971-இல் ஒரு டாக்டரிடமிருந்து அதை வாங்கினார். இன்றைய இளைஞர்களுக்கு ஹெரால்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். இங்கிலாந்தில் 1959 ஏப்ரலில் ட்ரையம்ஃப் ஹெரால்ட் என்ற பெயரில் வெளிவந்த வண்டி அது. (நிறுவனத் தலைவருடைய படகின் பெயர்தான் வண்டிக்கும் வந்தது என்பார்கள்.) உருவம் வரைந்தவர் இத்தாலியின் டூரின் நகரத்தைச் சேர்ந்த ஜியோவான்னி மிக்கெலோட்டி. முகப்பு விளக்குகளுக்கு மேல் புருவம்போல் ஒரு மடிப்பு, பின்புறம் மீன்துடுப்புபோல் இரண்டு சிறு கூர்முனைகள், மெலிந்த தூண்கள், விரிந்த கண்ணாடிகள். அம்பாசடரின் பருத்த தோள்களையே பார்த்துப் பழகிய ஊரில், சோழ மண்டபத்துக்குள் ஒரு நடனப்பெண் நுழைந்ததுபோல் இருந்திருக்கும்.

அதன் உடற்கூற்றில் ஒரு விசேஷம் உண்டு. அந்நாளில் இங்கிலாந்தில் கார்களுக்குக் கூடு செய்து தந்துகொண்டிருந்த பெரிய தொழிற்சாலை போட்டி நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. முழுக்கூட்டையும் ஒரே துண்டாகச் செய்துதர ஆளில்லை. ஆகவே கீழே தனி சேஸிஸ், மேலே பகுதி பகுதியாகச் செய்து போல்ட் போட்டு முடுக்கிய உடல் என்று அமைத்தார்கள். நெருக்கடியில் பிறந்த அந்த ஏற்பாடுதான் நம்மூர் டிங்கர்களுக்கு வரமாயிற்று. எந்தப் பகுதியையும் தனியே கழற்றலாம், தட்டலாம், மாட்டலாம். பானட்டோ முன்பக்க மட்கார்டுகளோடு சேர்ந்து மொத்தமாக முன்னோக்கிச் சாயும். எஞ்சின் முழுவதும் வெளியே தெரியும். 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 948 சி.சி. எஞ்சினோடு இதைத் தயாரித்தது.

இது ஸ்போர்ட்ஸ் கார் அல்லவே என்று யாரேனும் கேட்கலாம். அல்லதான். ஆனால் இதே சேஸிஸைக் குறுக்கி, இதே மிக்கெலோட்டியைக் கொண்டு 1962-இல் அவர்கள் செய்ததுதான் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேல் விற்ற, இரண்டு பேர் அமரும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார். ஆக, ஹெரால்ட் என்பது ஸ்பிட்ஃபயரின் குடும்பஸ்தனான அண்ணன். அந்த ரத்தம் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் ஹெரால்டுகளும் ஓடின.

பெரியப்பாவுக்குப் பித்துப் பிடித்தது அங்கேதான். 1974-இல் சோழவரம் போய்விட்டு வந்தவர், ஒரே வாரத்தில் நீல பானட்டின் மீது, கண்ணாடியிலிருந்து மூக்கு வரை, இரண்டு வெள்ளைக் கோடுகள் போடச் சொன்னார். பந்தயக் கோடுகள். வண்டி சித்திரை வீதியில் திரும்பியது. முதலில் பார்த்தவர் எதிர்வீட்டு மாமா. நிதானமாகச் சுற்றிவந்து, முன்னால் நின்று, “ஏன் ஓய், நாமம் சாத்தியாச்சு, சரி. வடகலையா தென்கலையா? பாதம் இல்லையே” என்றார். அடுத்த நாளிலிருந்து தெருவில் அதற்கு ‘நாமக் கார்’ என்றே பெயர். நடுவில் சிவப்புக் கோடு எங்கே என்று குழந்தைகள் கேட்டார்கள். பெரியப்பா மூன்று ஆண்டுகள் வீம்பாக அப்படியே ஓட்டினார்.

1977 நவம்பரில் திருச்சியை மூழ்கடித்த வெள்ளம் அந்தக் கோடுகளை முடித்துவைத்தது. வண்டி அன்றைக்கு உறையூரில் ஒரு நண்பர் வீட்டு வாசலில் நின்றிருந்தது. தண்ணீர் வடிந்தபோது ஸ்டியரிங் வரை சேறு. எல்லாவற்றையும் கழற்றிக் கழுவி, கதவுகளின் அடியில் அரித்த தகட்டை வெட்டி ஒட்டி, பட்டி பார்த்து, மலிவாகக் கிடைத்த பச்சையை அடித்தார்கள். அந்தப் பச்சையில் யாருக்கும் மனம் ஒட்டவில்லை. பத்தாண்டு கழித்து, 1987-இல், மேலே கிரீமும் கீழே அரக்குமாக இரண்டு வண்ணங்களில் மாற்றினார். அந்த ஆண்டு மார்ச்சில்தான் நூற்றாண்டுகளாக மொட்டையாய் நின்ற தெற்கு ராயகோபுரம் பதின்மூன்று நிலைகளோடு 236 அடிக்கு நிமிர்ந்து கும்பாபிஷேகம் கண்டது. ஊரே புதுச்சாயம் பூசிக்கொண்டிருந்தது. வண்டியும் பூசிக்கொண்டது என்றுதான் நினைத்தோம். அரக்கு நிறத்தைப் பொறுத்தவரை, ரயில்பெட்டியின் நிறத்தைப் பொன்மலைக்காரர் வீட்டு வண்டிக்கும் அடித்துவிட்டார் என்பது எங்கள் அனைவருடைய துணிபு.

1998-இல் பெரியப்பா காலமானார். வண்டி பின்கட்டில், பழைய மாட்டுக்கொட்டிலில் நின்றது. சித்திரைத் தேருக்கு வீதியைக் காலி செய்யும் நாளில் அதை அடையவளைந்தான் வீதிக்குத் தள்ளிக்கொண்டு போகும் வேலைகூட இல்லாமல் போயிற்று. 2022-இல் நாங்கள் அதை மறுபடி வெளியே எடுத்தோம்.

இனி வழக்குக்கு வருவோம்.

கலிஃபோர்னியாவாசியின் கட்சி நீலம். தொழிற்சாலையிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே இருக்கவேண்டும். மற்றதெல்லாம் ஒப்பனை, ஒப்பனை களைவதுதான் புனரமைப்பு என்பது அவர் வாதம். வண்ணம் மட்டுமல்ல, பெரியப்பா மாட்டிய வெயில் மறைப்பு, ஏர் ஹாரன், பின்கண்ணாடித் திரை, டாஷ்போர்டில் ஒட்டிய பெருமாள் படம் யாவும் நீங்கவேண்டும். அவர் கையில் ஒரு சட்டமும் இருந்தது. 2021-இல் மத்திய அரசு வகுத்த விதிகளின்படி, முதற்பதிவிலிருந்து ஐம்பதாண்டு கடந்த வண்டியைத் தொன்மை வாகனமாகப் பதியலாம். ஆனால் சேஸிஸ், கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்யாமல் மூல வடிவில் காக்கப்பட்டிருக்கவேண்டும். அதைவிட வலுவான சாட்சி ஒன்றும் கிடைத்தது. கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து, பழைய கார்கள் சேகரிக்கும் ஒருவர், நீல நிறத்தில் அசலாக முடித்துக் கொடுத்தால் நல்ல விலை தருவதாகச் சொல்லியனுப்பினார். வீட்டின் பின்கட்டுக்கு முழுவதும் ஓடு மாற்ற அந்தத் தொகை போதும். கூரை ஒழுகிக்கொண்டிருந்த காலம் அது.

கடைக்காரரின் கட்சி வேறு. ஸ்பிட்ஃபயரின் அண்ணனுக்குத் தம்பியின் உடுப்பு ஏன் ஆகாது? கம்பிச் சக்கரங்கள், தாழ்த்திய ஸ்பிரிங், மரப்பிடி ஸ்டியரிங், ஆழ்ந்த சிவப்பு, கூடவே பெரியப்பாவின் சோழவரக் கோடுகள். “பெரியப்பாவே மாத்தினவர்தானே? அவர் இருந்தா இதைத்தான் பண்ணியிருப்பார்” என்றார். மறுக்கச் சிரமமான வாதம். கம்பெனியே சும்மா இருக்கவில்லை. அறுபதுகளின் இறுதியில் நான்கு கதவு வைத்தது, எழுபதுகளில் முகத்தை மாற்றி கெஸல் என்று பெயர் சூட்டியது. ஆனால் சட்டம் இவருக்கு எதிராக நின்றது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. ஸ்பிரிங்கைத் தாழ்த்தும் ஆசை அதோடு அடங்கியது. நிறத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், அதையும் பதிவுச் சான்றில் ஏற்றவேண்டும்.

வங்கிக்காரருக்குக் கிரீமும் அரக்கும். காரணம் கேட்டால், “அதுதான் நம்ம வண்டி” என்பதற்கு மேல் அவரால் சொல்ல இயலவில்லை. திருவரங்கத்தில் எந்த வழக்கும் கோயிலைச் சுற்றாமல் முடியாதாகையால், இதுவும் சுற்றியது. மூலம் மூலம் என்கிறாயே, மொட்டைக் கோபுரம்தான் மூலம் என்று 1987-இல் விட்டுவிட்டார்களா என்று ஒருவர் கேட்டார். மற்றவர் வெள்ளைக் கோபுரத்தைக் காட்டினார். மற்றக் கோபுரங்கள் பல வண்ணம் கொள்ள, கிழக்கே அது மட்டும் வெள்ளையாகவே இருக்கிறது. படையெடுப்பின்போது கோயிலுக்காக அங்கிருந்து விழுந்து உயிர்விட்ட வெள்ளையம்மாளின் நினைவுக்காக என்று சொல்லிவருகிறார்கள். அப்படியானால் வண்ணம் என்பது ஒப்பனைதானா? கைப்பேசித் திரையில் கலிஃபோர்னியாவாசி சற்று நேரம் பேசாதிருந்தார். இணைப்பு அறுந்ததோ என்று நினைத்தோம்.

பெரியம்மாவை யாரும் கேட்கவில்லை. எண்பத்தாறு வயது; காது சரியாகக் கேளாது; காரில் என்ன அக்கறை இருக்கப்போகிறது என்று எண்ணிவிட்டோம். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஒரு மாலை கூடத்தில் மூவரும் (ஒருவர் திரையில்) உரத்துப் பேசிக்கொண்டிருந்தபோது, உள்ளறையிலிருந்து பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு பட்டுப்புடவையோடு வந்து அமர்ந்தார். சந்தன வெண்மையில் உடல், அரக்குக் கரை. மடிப்புகளில் பட்டு இற்றுப்போயிருந்தது.

“ராயகோபுரம் கும்பாபிஷேகத்துக்கு எடுத்தது. ரெண்டு பேருமாப் போய் எடுத்தோம். இதைக் கொண்டுபோய்ப் பெயின்ட் அடிக்கறவன்கிட்ட காட்டினார். இந்த ரெண்டு கலரும் வேணும்னார். அவன் சிரிச்சான். நான் வெட்கத்துல வண்டியை விட்டே இறங்கலை.”

ரயில்பெட்டி என்று முப்பத்தைந்து ஆண்டுகளாகச் சொல்லிவந்த நாங்கள் தரையைப் பார்த்தோம். “எங்ககிட்ட சொல்லவே இல்லையே, பெரியம்மா” என்றார் வங்கிக்காரர்.

“நீங்க கேக்கலையே” என்று புடவையை மடிக்கத் தொடங்கினார்.

கோயம்புத்தூர்ச் சேகரிப்பாளருக்கு மறுநாள் சொல்லிவிட்டோம். அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. வேறு ஒரு ஹெரால்ட் பார்த்து வைத்திருந்தார் போலும். ஓடு மாற்றும் வேலை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போயிற்று. அந்த மழைக்காலம் முழுவதும் பின்கட்டில் நான்கு வாளிகள் வைத்திருந்தோம்.

பெயின்டரிடம் புடவையையே கொண்டுபோனோம். இவர் சிரிக்கவில்லை. முந்தானையைத் தொடாமல், கரையை மட்டும் வெயிலில் பிடிக்கச் சொல்லிப் பார்த்தார். மங்கிய நிறத்துக்குக் கலப்பதா, மடிப்புக்குள் மங்காமல் இருக்கும் நிறத்துக்குக் கலப்பதா என்று கேட்டார். நாங்கள் மீண்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பிறகு, மடிப்புக்குள் இருப்பதற்கே கலக்கச் சொன்னோம்.

சில சமாதானங்கள் செய்துகொள்ளப்பட்டன. கலிஃபோர்னியாவாசிக்காக, பானட்டின் உட்புறத்தையும் எஞ்சினைச் சுற்றிய தகடுகளையும் தொழிற்சாலை நீலத்திலேயே விட்டோம். பானட்டைச் சாய்த்தால் 1966 தெரியும். கடைக்காரருக்கு மரப்பிடி ஸ்டியரிங் வாய்த்தது. பழையது பத்திரமாகப் பரணில் இருக்கிறது. பெருமாள் படம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. வெயில் மறைப்பு மட்டும் போய்விட்டது. அது உண்மையிலேயே கோரமாக இருந்தது.

நிறத்தைச் சான்றில் ஏற்றும்பொருட்டுப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனபோதுதான் ஒன்று புலப்பட்டது. பெரியப்பா பச்சையையும் பதியவில்லை, கிரீமையும் பதியவில்லை. அரசாங்கத்தைப் பொறுத்தவரை எங்கள் வண்டி ஐம்பத்தாறு ஆண்டுகளாக வெளிர்நீலம். மாற்றத்துக்கான காரணத்தைக் கடிதமாக எழுதித் தரச் சொன்னார் எழுத்தர். வங்கிக்காரர் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்துவிட்டு, ‘பழைய நிறத்துக்கே மாற்றப்பட்டது’ என்று எழுதிக் கொடுத்தார்.

எழுத்தர் கடிதத்தைப் பார்த்தார். பதிவுச் சான்றைப் பார்த்தார்.

“பழைய நிறம் நீலம்தானே சார்?”