மூவர் இருவரானபோது

நம் பெங்களூரில் அல்சூர், கௌதமபுரம் பக்கம் மாலை வேளையில் சென்றால், பந்து காலில் படாமல் நடப்பது அரிது. தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த அப்பகுதியில் பிரேசில் வீரர் பெலேவுக்குச் சிலையே எழுப்பியிருக்கிறார்கள். 'ஆப்சைடு' என்ற கூச்சல் எழாத ஆட்டம் அங்கு இல்லை. அச்சொல்லுக்குப் பின்னால் சுவையான சரித்திரம் ஒன்று உண்டு.

முன்னாளில், முன்னே நிற்பவனுக்குப் பந்து தரப்படும் கணத்தில், அவனுக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவரேனும் இருத்தல் வேண்டும். ஆதலால் பின்காவலர் இருவரில் ஒருவர் சற்று முன்னே நகர்ந்தாலே அவன் ஆப்சைடில் அகப்படுவான். நியூகாசில் அணியின் மெக்ராக்கன் இத்தந்திரத்தில் பேர் போனவர். ஆட்டம் நடுக்களத்திலேயே நெரிபட்டுச் சுவை குன்றியது. எனவே 1925ஆம் ஆண்டில் மூவர் என்பதை இருவர் என்று திருத்தினர். இங்கிலாந்தின் முதற்பிரிவில் அதற்கு முந்தைய பருவத்தில் 1,192ஆக இருந்த கோல்கள், அடுத்த பருவத்தில் 1,703ஆகப் பெருகின.

அவ்வாண்டு அக்டோபர் 3ஆம் நாள் ஆர்சனல் அணி நியூகாசிலிடம் ஏழு கோல் வாங்கித் தோற்றது. வீரர் சார்லி புக்கன் ஒரு யோசனை கூறினார். மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன் அதை ஏற்றார். நடுக்களத்தின் நாயகனாக விளங்கிய சென்டர் ஹாப், பின்காவலர் இருவருக்கும் நடுவே இறங்கி மூன்றாங் காவலர் ஆனார். அவர் விட்ட இடத்தை நிரப்ப முன்வரிசை ஐவரில் உள்ளிடத்தில் ஆடுவோர் பின்னிறங்கினர். நாளடைவில் அணியின் தோற்றமே டபிள்யூ, எம் என்னும் ஆங்கில எழுத்துகளைப் போலாயிற்று. 1930–31 பருவத்தில் ஆர்சனல் லீக் பட்டத்தை வென்றது. உள்ளிடத்து ஆட்டம் என்றால் இவ்வூரில் பிறந்த அகமது கானை நினையாதிருக்க இயலுமா? 1948, 1952 ஆகிய இரண்டு ஒலிம்பிக் பந்தயங்களுக்கும் சென்ற பெருமை அவருடையது.

எம் மகனைப் பள்ளி அணியில் அண்மையில் நடுக்களத்திலிருந்து பின்வரிசைக்கு மாற்றினர். "அங்கே நின்றால் என்னை யாரப்பா பார்ப்பார்கள்?" என்று மனம் நொந்து, ஆட்டத்தையே விட எண்ணினான். மூன்றாங் காவலரின் கதையைச் சொன்னோம். "அவருக்குக் கைதட்டல் கிடைத்ததா?" என்றான். "குறைவுதான். ஆனால் அவர் நின்றதால் மற்றவர் ஓடினார்கள்" என்றோம்.

இன்னொன்றும் சொன்னோம். ஊரில் நிலத்தையும் தாய் தந்தையரையும் காத்து எம் தம்பி நிற்பதால்தான், நாம் இந்நகரில் ரயில்வே வேலை பார்க்க முடிகிறது. அதற்கு அவனை எவரும் மாலையிட்டுப் பாராட்டியதில்லை. அன்றிரவு மகன் தன் சித்தப்பாவுடன் தொலைபேசியில் நெடுநேரம் பேசினான். இப்போது அவன் ஆடுவது பின்வரிசையில்தான்.