மார்கழியும் ஸ்நான அறையும்

சென்னையில் குளிராவது என்று நகைப்பவர்கள் மார்கழி விடியற்காலையில் பள்ளிக்கரணைக்கு வரவேண்டும். 2022-ல் ராம்சார் பட்டியலில் ஏறிய எங்கள் சதுப்பு நிலத்தின் பெருமை உலகறிந்தது. அதன்மேல் தவழ்ந்து வரும் வாடைக் காற்றின் பெருமையை எங்கள் ஸ்நான அறை அறியும்.

எண்பது வயதான என் தாயார் ஐந்து மணி ஸ்நானத்தை விடமாட்டாள். உள்ளே கரி அடுப்பு வைக்கலாமென்றேன். "அடைத்த அறையில் கரியின் விஷ வாயு மணம்கூடக் காட்டாமல் ஆளைக் கொன்றுவிடுமே!" என்று தடுத்தாள் என் மனைவி.

அவள் யோசனை வேறு. ஈரம் உலரும்போது உடம்பின் உஷ்ணத்தைக் கொண்டு போகிறது. காற்றடித்தால் இன்னும் விரைவாக. ஆகவே ஜன்னலின் கண்ணாடிச் சட்டங்களில் பழைய அட்டையைச் செருகினாள். அம்மா நுழையுமுன் இரண்டு செம்பு வெந்நீரைச் சுவரிலும் தரையிலும் வீசினாள். உட்கார மணை போட்டாள். உலர்ந்த துண்டைக் கைக்கெட்டும்படி வைத்தாள். செலவு பூஜ்யம். குளித்தானதும் அட்டையை எடுத்துவிட வேண்டும். இல்லாவிடில் சுவரெல்லாம் பூஞ்சணம்.

இன்று காலை உள்ளிருந்து அம்மாவின் பாட்டுக் கேட்டது. என் முறை வருவதற்குள் வெந்நீர் தீர்ந்துபோயிற்று.