பாரிவாக்கமும் பிரசாதப் பையும்

பூந்தமல்லியிலிருந்து ஆவடி செல்லும் சாலையில் உள்ளது பாரிவாக்கம். திருக்கச்சி நம்பிகள் அவதரித்த பூந்தமல்லியையும், மூர்க்க நாயனாரின் திருவேற்காட்டையும் இவ்வழியே ஒரே நாளில் தரிசிக்கும் குடும்பங்கள் பல. பேரப்பிள்ளைகள் உட்பட அனைவரும் கூடி வருதல் அரிதாகையால், கையடக்கக் கேமராவும் உடன் வருகிறது.

சந்நிதியில் படமெடுத்தல் ஆகாது. ஏரிக்கரையிலும் கோபுர வாசலிலும் எடுப்பதோடு சரி. மற்ற நேரமெல்லாம் கேமரா பையில்தான் இருக்கும். கீழே விழுதலைவிட அப்பையே அதற்குப் பெரும்பகை. திருநீற்றுப் பொட்டலம் அவிழ்ந்தால், நீண்டு சுருங்கும் லென்ஸ் குழலின் இடுக்கில் துகள் புகுந்து, லென்ஸ் பாதியிலேயே நின்றுவிடும். உடைத்த தேங்காயின் ஈரமோ பேட்டரி முனைகளை அரிக்கும். வங்கியில் நோட்டுக் கட்டின்மேல் மைக்கூட்டை யாரும் வைப்பதில்லையே!

கேமராவைப் பருத்தித் துணியில் சுற்றி, ஜிப் வைத்த தனி உறையில் கொண்டுசெல்லலாம். துகள் படிந்திருப்பின், இயக்குமுன் மெல்லிய தூரிகையால் அகற்றுக. வாயால் ஊதினால் எச்சில் ஈரம் படியும்.